மழைக்காட்டு லைட் ரோஸ்ட் காபி: காரைக்குடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்பாறை மலையில் ஒரே தோட்டத்தில் விளைந்த அரபிகா வகைக் காபிக் கொட்டையை வாங்கி வந்து, காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் வைத்து வாரத்துக்கு இரண்டு, மூன்று கிலோ லைட் ரோஸ்டாக, அதாவது கறுக்க விடாமல் இளம்பதமாக, வறுக்கிறேன். வாங்கிப் போகிறவர்கள், கல்யாணம் காட்சிக்கு ஊருக்கு வருகிற உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டு ஆச்சிகள் என்று எல்லாரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நின்று நிதானமாகப் பதில் சொல்ல எனக்கு ஆசை. ஆனால் வறுக்கும் நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் கொட்டை கருகிவிடும். அதனால் எழுதி வைக்கிறேன்.

ஒரே தோட்டத்துக் காபி என்று தனியாகச் சொல்கிறீர்களே, எல்லாக் காபியும் ஏதோ ஒரு தோட்டத்தில் விளைந்ததுதானே?

விளைவது தோட்டத்தில்தான். கடைக்கு வரும்போது எந்தத் தோட்டம் என்ற அடையாளம் போய்விடுகிறது. "பீபெரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி, கொஞ்சம் சிக்கரி" என்று சொல்லி வாங்குகிறோம். பிளாண்டேஷன் ஏ என்பது தோல் நீக்கிக் கழுவி உலர்த்திய அரபிகாவில் ஒரு தரம். பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதிலாக ஒன்றே உருண்டையாக விளைந்த கொட்டை. இரண்டும் ஊர்ப் பெயர் இல்லை. அந்தத் தூளில் குடகும் இருக்கலாம், சேர்வராயன் மலையும் இருக்கலாம். வருடா வருடம் ஒரே சுவை வர வேண்டும் என்பதற்காகக் கலக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல கலவை போடுவது பெரிய கைத்திறன்.

ஆனால் கருப்பட்டி வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? உடன்குடிக் கருப்பட்டி வேண்டும் என்று ஊரைச் சொல்லிக் கேட்கிறோம். அந்தத் தேரி மண்ணும், அந்தப் பனையும், காய்ச்சுகிறவர் கையும் சேர்ந்த ருசி வேறு எங்கும் வராது என்று நமக்குத் தெரியும். காபியிலும் அப்படித்தான். குடகு, சிக்மகளூர், பாபாபூதன்கிரி, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகிய ஊர்களின் அரபிகாவுக்கும், ரோபஸ்டா என்ற இன்னொரு வகையான வயநாட்டுக் காபிக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் கண்டாங்கிச் சேலைக்குக் கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

மழைக்காட்டில் விளைந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் காட்டை வெட்டித்தானே நட்டிருப்பார்கள்?

ஆமாம். இதை மறைத்து விற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனைமலையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர்கள் பெருங்காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். இன்று வால்பாறைக்கு ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். தேயிலைக்கு வெயில் வேண்டும். அதனால் மேலே இருந்த மரங்கள் அநேகமாகப் போய்விட்டன. சில்வர் ஓக் மட்டும் இடையிடையே நிற்கும்.

காபித் தோட்டம் அப்படி இல்லை. காபிச் செடிக்கு நிழல் வேண்டும் என்பதால், பழைய காட்டு மரங்களில் கொஞ்சமாவது விட்டுவைத்தார்கள். நான் கொட்டை வாங்கும் தோட்டத்தில் தலைக்கு மேல் பலாவும் அத்தியும் பெயர் தெரியாத பெருமரங்களும் நிற்கின்றன. மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. கீழே ஆள் உயரத்தில் காபி. முதல் தடவை போனபோது தோட்டம் எங்கே ஆரம்பிக்கிறது, காடு எங்கே முடிகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அத்திப்பழம் பழுத்திருந்ததால் இருவாச்சிகள் வந்திருந்தன. அவை இறக்கை அடிக்கும் சத்தம், யாரோ பெரிய பாயை உதறுவது போல, பறவை கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்கு வந்துவிடும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். இவை எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரங்குகள்.

ஆகவே, காபித் தோட்டம் காடு ஆகாது. காட்டுக்கு ஈடும் ஆகாது. ஆனால் துண்டு துண்டாகிப் போன காடுகளுக்கு நடுவே, பறவையும் விலங்கும் கடந்து போக உதவும் நிழலாக இருக்கிறது. அந்த மரங்களை வெட்டாமல் வைத்திருக்கிற தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே நான் இந்தக் கொட்டையைத் தேடிப் போனேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மலையில் விளைகிற எல்லாக் காபியையும் மழைக்காட்டுக் காபி என்று சொல்ல முடியாது. நமக்குக் கிட்டத்தில் இருப்பவை தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர். அருமையான காபி, நானே விரும்பிக் குடிப்பேன். ஆனால் பழனி மலையின் கீழ்ச்சரிவு, வால்பாறையைப் போல மழை கொட்டும் இடம் இல்லை. வால்பாறைப் பக்கம் சில இடங்களில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். நம் ஊரில் 900 மில்லிமீட்டர் பெய்தாலே ஊருணி நிறைந்ததென்று சந்தோஷப்படுவோம்.

நிழலில் விளைந்தால் சுவை கூடுமா?

அரபிகாவின் பிறந்த இடமே தென்மேற்கு எத்தியோப்பியாவின் மலைக்காடு. அங்கே பெரிய மரங்களுக்கு அடியில் வளர்ந்த சிறுமரம் இது. நிழலும் குளிர்ச்சியும் இருந்தால் பழம் அவசரப்படாமல் பழுக்கும். பூவிலிருந்து பழம் வரை எட்டு, ஒன்பது மாதம். மெதுவாகப் பழுக்கும்போது கொட்டை கெட்டியாகிறது, இனிப்பும் புளிப்பும் நன்றாக ஏறுகின்றன. மரத்தில் மிளகு ஏறியிருப்பதால் காபியில் மிளகு வாசம் வரும் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி வராது. செடியின் ரகம், மலையின் உயரம், பழத்தைப் பதப்படுத்தும் முறை ஆகியவைதான் வாசத்தைத் தீர்மானிக்கும்.

நம் செட்டிநாட்டில் காபி நட்டால் வருமா?

வராது. அரபிகாவுக்கு ஆயிரம் மீட்டர் உயரமும், 15 முதல் 25 டிகிரி வரையான குளிர்ச்சியும் வேண்டும். நம் செம்மண்ணும் சித்திரை வெயிலும் முந்திரிக்குச் சரி.

அப்படியானால் காபிக்கும் நமக்கும் குடிக்கிற சம்பந்தம் மட்டும்தானா?

இந்தக் கேள்வியை ஒரு கல்லூரிப் பெண் கேட்டார். அதற்குப் பிறகு நான் நிறையப் படித்தேன், சிலவற்றைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை.

தேயிலைக்கு முன்னால் இலங்கை காபி நாடு. 1830களிலிருந்து கண்டி மலைகளில் காபி நட்டார்கள். அறுவடைக்கு ஆள் போனது நம் சீமையிலிருந்துதான்: ராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சி. மழை பொய்த்த வருடங்களில் குடும்பம் குடும்பமாகக் கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னார் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை மறுபடி நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அதே காலத்தில் நகரத்தார், அதாவது நம் செட்டிநாட்டுச் செட்டியார்கள், கொழும்பில் கிட்டங்கி என்ற தொழில் வீடு வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். கொழும்பில் செட்டியார் தெரு இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

1869இல் இலங்கைக் காபியில் இலைத்துரு நோய் வந்தது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படியும், இலை உதிரும், செடி வெறும் குச்சியாக நிற்கும். இருபது வருடத்துக்குள் இலங்கையில் காபி ஏறக்குறைய அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது. நம் பக்கத்து மலைகளையும் அந்த நோய் விடவில்லை. அதைத் தாங்கும் அரபிகா ரகம் தேடி கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் பல வருடம் உழைத்து, 1940களில் கொடுத்ததுதான் எஸ்.795. நான் வறுப்பதும் அதே ரகம். டம்ளரில் ஊற்றும்போது காட்டு வழியே நடந்து போன அந்த மக்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வேன்.

லைட் ரோஸ்ட் என்றால் அரைவேக்காடா?

இல்லை, முழுதாக வெந்ததுதான். நிறுத்தும் இடம் வேறு. கொட்டை சூடாகச் சூடாக முதலில் பச்சை மறைந்து மஞ்சளாகும், அப்போது வைக்கோல் வாசம் வரும். பிறகு ரொட்டி சுடும் வாசம். கொட்டையின் சூடு 196 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்போது உள்ளே இருக்கும் நீராவி கொட்டையைப் பிளந்துகொண்டு வெளியேறும். கடுகு தாளிக்கும்போது வருகிற மாதிரி தெளிவான வெடிச்சத்தம் கேட்கும். இதுதான் முதல் வெடிப்பு. அது முடிகிற நேரத்தில் இறக்கினால் லைட் ரோஸ்ட். இன்னும் விட்டால் 224 டிகிரி சுமாருக்கு இரண்டாம் வெடிப்பு வரும். அது எள் வறுக்கிற சத்தம் போலச் சின்னதாக, வேகமாக இருக்கும். அதற்கு அப்பால் கொட்டை கறுத்து எண்ணெய் கசியும். நம் காபித்தூள் கடைகளில் பெரும்பாலும் அதன் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் நிறுத்துகிறார்கள். பாலையும் சர்க்கரையையும் சிக்கரியையும் மீறிக் காபி தெரிய வேண்டுமே, அதற்கு அந்த வறுவல் சரி.

ஆனால் அவ்வளவு வறுத்த பிறகு முன்னால் தெரிவது வறுவலின் ருசி. மலை பின்னால் போய்விடும். ஒரு தோட்டத்தைத் தேடிப் போய் வாங்கிவிட்டு அதைக் கருக வறுப்பது, இளந்தேங்காயை வாங்கிக் கொப்பரையாக்கிச் சாப்பிடுவது போல.

குடித்தால் புளிக்கிறதே. கெட்டுப்போய்விட்டதா?

மிக அதிகமாக வருகிற கேள்வி இது. எங்கள் அப்பத்தா முதல் வாய் குடித்துவிட்டு, "இதென்ன கசாயமா, காபியா?" என்று கேட்டார்கள். எனக்கு முகம் வாடிவிட்டது. பிறகு ஒன்று புரிந்தது. ஃபில்டர் காபி என்று நினைத்து வாயில் வைத்தால் இது தோற்றுத்தான் போகும். இதை வேறொரு பானமாக நினைக்க வேண்டும். பதநீரையும் மோரையும் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை அல்லவா?

காபி என்பது ஒரு பழத்தின் விதை. அதில் இயற்கையாகவே எலுமிச்சையிலும் ஆப்பிளிலும் உள்ள அமிலங்கள் உண்டு. நிறைய வறுத்தால் அவை குறைந்து கசப்பு ஏறும். லைட் ரோஸ்டில் அவை தங்கும். நல்ல புளிப்பு என்றால் நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறும், விழுங்கிய பின் இனிப்பு நிற்கும், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி. வாயைச் சுருக்கும் புளிப்பு, கூடவே பச்சைப் புல் வாசம் வந்தால் அது வறுத்தவர் தவறு அல்லது போட்டவர் தவறு. தண்ணீரின் சூடு போதாமல் இருந்திருக்கும், அல்லது தூள் பெருந்தூளாக இருந்திருக்கும். அப்படி இருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன்.

கொஞ்சம் ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். நாம் ஆவி பறக்கக் குடித்துப் பழகியவர்கள். இந்தக் காபியின் இனிப்பு வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் தெரியும். அப்பத்தா இப்போது காலையில் ஃபில்டர் காபியும், மதியம் மூன்று மணிக்கு இதில் அரை டம்ளரும் குடிக்கிறார்கள். பனங்கற்கண்டு வாசம் வருகிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர்தான்.

பால், சர்க்கரை சேர்க்கலாமா?

உங்கள் காபி, உங்கள் விருப்பம். பால் ஊற்றினால் புளிப்பும் பாலும் ஒத்துப்போகாது, தண்ணீர்க் காபி போல இருக்கும். முதல் டம்ளரை மட்டும் எதுவும் சேர்க்காமல் குடித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கள்ளிச்சொட்டுப் பாலில் காபி வேண்டும் என்றால் உங்கள் வழக்கமான தூளே நல்லது.

புதுச் சாமான் வாங்க வேண்டுமா? வீட்டில் பித்தளை ஃபில்டர்தான் இருக்கிறது.

அதுவே போதும், ஆனால் பழக்கத்தை மாற்ற வேண்டும். 15 கிராம் தூள், அதாவது மேஜைக் கரண்டியில் மூன்று. ரவையை விடச் சற்று நைசாக அரைத்தது. மேலே வைக்கிற குடைத் தகட்டை அழுத்தாமல் சும்மா வையுங்கள். கொதித்த தண்ணீரை உடனே ஊற்றுங்கள். லைட் ரோஸ்ட் கொட்டை கெட்டியானது, சூடு குறைந்தால் சாறு இறங்காது. முதலில் தூள் நனைகிற அளவு ஊற்றி அரை நிமிடம் விடுங்கள், பிறகு மீதியை இரண்டு தடவையாக ஊற்றி, மொத்தம் 230 மில்லி வரட்டும். இறங்கியதை அப்படியே குடிக்க வேண்டும், டிகாக்ஷனாக எடுத்து வைத்துச் சுட வைக்கக் கூடாது.

இன்னும் தெளிவாக வேண்டும் என்றால் துணி வடிகட்டி நல்லது. பழைய வேட்டித் துணியைக் கஞ்சி போகத் துவைத்து, இரட்டையாக மடித்து, டீ வடிகட்டிக்குள் விரித்து அதில் தூளைப் போட்டு ஊற்றுங்கள். மூன்று, மூன்றரை நிமிடத்தில் வடிந்துவிடும். துணியைச் சோப்புப் போட்டு அலசாதீர்கள், வெறும் வெந்நீர்தான்.

எந்தத் தண்ணீர்?

டம்ளரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான் இருக்கிறது, அதனால் இது முக்கியமான கேள்வி. உப்புத் தண்ணீரில், குறிப்பாகப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற தண்ணீரில், இந்தக் காபியின் புளிப்பு செத்துச் சப்பென்று ஆகிவிடும். ஆர்ஓ தண்ணீரில் தாது எல்லாம் போய்விடுவதால் அதுவும் வெறுமையாக இருக்கும். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசி தெரியும். எனக்கு இதுவரை மிக நன்றாக வந்தது அந்தத் தண்ணீரில்தான். ஆர்ஓ மட்டும்தான் இருக்கிறது என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு நல்ல குழாய்த் தண்ணீர் கலந்து பாருங்கள்.

வீட்டிலேயே வறுக்கலாமா?

தாராளமாக. கனமான இரும்பு வாணலியில் 150 கிராம் பச்சைக் கொட்டை, மிதமான தீ, கை நிற்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு, பத்து நிமிடத்தில் முதல் வெடிப்பு கேட்கும். கேட்டதிலிருந்து ஒரு நிமிடம் விட்டு, சுளகில் கொட்டி, வாசலில் நின்று புடையுங்கள். உமி பறந்துவிடும், கொட்டையும் ஆறிவிடும். உடனே ஆறவில்லை என்றால் உள்சூட்டிலேயே மேலும் வறுபட்டுவிடும். நான் ஆரம்பத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் குவித்து வைத்து மூன்று தடவை கெடுத்தேன். காதால் பதம் பார்ப்பது நம் வீட்டுச் சமையலுக்குப் புதிது இல்லை, அதனால் நான்கைந்து தடவையில் வந்துவிடும்.

மிக்ஸியில் அரைக்கலாமா?

விட்டு விட்டு அரைத்தால் சமாளிக்கலாம். ஆனால் பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் போகும், கசப்பும் புளிப்பும் ஒரே டம்ளரில் வரும். கையால் சுற்றுகிற காபி மில் நல்லது. சில பழைய வீடுகளின் பரணில் பலகையில் திருகி வைத்த இரும்பு மில் கிடக்கும், துடைத்து எண்ணெய் போட்டுப் பாருங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

வறுத்த உடனே குடிக்காதீர்கள். உள்ளே கரியமில வாயு நிறைந்திருக்கும், தண்ணீரைத் தள்ளிவிடும். ஒரு வாரம் கழித்து ஆரம்பித்தால் ஐந்து, ஆறு வாரம் வரை நன்றாக இருக்கும். தூளாக அரைத்துவிட்டால் சில நாளில் வாசம் இறங்கிவிடும். காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுக்கும்போதெல்லாம் ஈரம் ஏறும், மீன்குழம்பு வாசமும் சேரும்.

கஃபீன் குறைவா? தூக்கம் வருமா?

லைட் ரோஸ்ட், டார்க் ரோஸ்ட் இரண்டிலும் கஃபீன் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் செடியில் இருக்கிறது. அரபிகாவில் 1.2 சதவீதம் சுமார், ரோபஸ்டாவில் அதைப் போல் இரண்டு மடங்கு. 15 கிராம் அரபிகாத் தூளில் 180 மில்லிகிராம் வரை இருக்கும். உடல்நலம் உள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. உள்ளே போன கஃபீனில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே மாலை நான்குக்கு மேல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

ஏன் இவ்வளவு விலை?

ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் வேண்டும். வறுக்கும்போது எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று பங்கு போய்விடும். ஒரே கிளையில் பச்சையும் சிவப்பும் சேர்ந்தே இருக்கும் என்பதால், சிவந்ததை மட்டும் பறிக்க அதே செடிக்கு மூன்று, நான்கு தடவை வர வேண்டும். அட்டை கடிக்கும் சரிவில், கூடையைக் கட்டிக்கொண்டு பெரும்பாலும் பெண்கள் பறிக்கிறார்கள். பறித்த அன்றே தோல் நீக்கி, ஒரு நாள் சுமார் தொட்டியில் புளிக்க வைத்து, கழுவி, ஈரம் நூற்றுக்குப் பத்து, பதினொன்றுக்கு இறங்கும் வரை உலர்த்த வேண்டும். மழைக்காட்டு மலையில் உலர்த்துவது என்றால் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விலை குறைவாகக் கேட்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, கால் கிலோ வேண்டாம், 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

வேறு இடத்தில் வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

வறுத்த தேதி. தோட்டத்தின் பெயர், மலை, உயரம், ரகம், பதப்படுத்திய முறை. 'மழைக்காடு' என்று மட்டும் போட்டு எந்த மலை என்று சொல்லாத பொட்டலத்தை எடுக்காதீர்கள். சிக்கரி கலந்திருந்தால் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். நாவல்பழம், ஆரஞ்சு என்று எழுதியிருந்தால் அவற்றைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை, குடித்தவருக்கு அந்த ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

பலகாரத்தோடு குடிக்கலாமா?

வெள்ளைப் பணியாரத்துக்கு இது வேண்டாம், கூட வைக்கிற காரச் சட்னி காபியை அடித்துவிடும். கந்தரப்பம் நன்றாகச் சேரும், வெல்லமும் ஏலக்காயும் காபியின் புளிப்பைத் தூக்கிக் காட்டும். எனக்கு மிகப் பிடித்தது கவுனி அரிசி. தேங்காய்ப்பூ நிறையப் போட்டு, சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்து, ஒரு கரண்டி கவுனி, ஒரு வாய் காபி. வருகிற தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுப் பக்கம் வாருங்கள். கவுனி அரிசியை முதல் நாள் இரவே ஊற வைத்துவிடுவேன்.